தொட்டியில் வந்த காடும் தொட்டியில் நின்ற வேம்பும்

மன்னர்க்கும் மதகுருமார்க்கும் மட்டுமே வரலாறு உண்டு என்று எண்ணுவது நம்மவரிடையே நெடுநாளாக வேரூன்றிய பழக்கமாகும். எந்த அரசன் எந்த ஆண்டில் முடிசூடினான், எந்தக் கோட்டையை எவன் இடித்தான் என்பவற்றையெல்லாம் நெட்டுருச் செய்து ஒப்புவிப்போர் பலர். அவர்களிடம், "உம் வீட்டு வாயிலில் நிற்கும் இம்மரம் எங்கிருந்து வந்தது? யார் பொருட்டு வந்தது? ஏன் நிலத்தில் நில்லாமல் தொட்டியில் நிற்கிறது?" என்று வினவுங்கள். விடை கிடைப்பது அரிது. உழைப்பாளியின் வாழ்வை எழுதி வைக்க அவைக்களப் புலவர் எவரும் இருந்ததில்லை. ஆதலின் அவன் நட்ட செடியையும், அதனை நட அவனுக்குக் கிடைத்த மண்ணின் அளவையும் கொண்டே அவன் வரலாற்றை நாம் படித்தறிய வேண்டியிருக்கிறது.

குளிர்நாட்டுத் தோட்டக்கலைஞர் பெரிதும் போற்றும் மலர்மரம் ஒன்று உண்டு. அதன் பெயர் லைலாக். ஊதாவும் வெண்மையுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்து மணம் பரப்புவது. அதிலே ஆள் உயரத்தைத் தாண்டாத குட்டை வகைகளும் உள்ளன; அவற்றைத் தொட்டியிலும் சிறு முற்றத்திலும் வளர்ப்பது எவ்வாறு என்று அந்நாட்டார் நூல் எழுதுகின்றனர். பேராக் மாநிலத்தின் தென்கோடியில், பெர்னாம் ஆற்றங்கரையிலுள்ள ஹுத்தான் மெலிந்தாங்கில் வாழும் தமிழர் ஒருவர் அந்நூலைப் படித்து அம்மரத்தை வளர்க்க முற்பட்டால் பயன் யாது? இலை விடலாம், பூ விடாது. பனிக்காலத்தில் பல வாரங்கள் கடுங்குளிரில் உறங்கி எழுந்தாலன்றி லைலாக்கின் மொட்டு அவிழ்வதில்லை. ஆண்டு முழுதும் வெம்மையும் மழையும் மாறாத கீழ்ப்பேராக்கில் அக்குளிருக்கு எங்கே போவது?

ஆயினும் ஹுத்தான் மெலிந்தாங்கில் லைலாக் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வெள்ளைக்காரர் தம் நூல்களில் இந்திய லைலாக் என்று எழுதிய மரம் அங்கே வீட்டு வாயில்களில் நிற்கிறது. அதனை நாம் வேம்பு என்கிறோம். குளிர்நாட்டு லைலாக்கின் கதையையும், இந்திய லைலாக்கின் கதையையும், இவ்விரண்டுக்கும் இடையே புகுந்து பேராக் மாநிலத்தின் முகத்தையே மாற்றிய மூன்றாவது மரம் ஒன்றின் கதையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், தொட்டியில் மரம் வளர்ப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பது விளங்கும்.

பெயர் வந்த வழி

முதற்கண் லைலாக் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அது ஐரோப்பாவில் பிறந்த சொல் அன்று. பாரசீகத்தில் நீல நிறத்தைக் குறித்த நீலக் என்பது லீலக் எனத் திரிந்து, அரபு நாட்டார் வாய்ப்பட்டு, ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து லைலாக் ஆயிற்று என்பர் சொல்லாராய்ச்சியாளர். அதன் அடி, வடமொழியிலும் தமிழிலும் வழங்கும் நீலம் என்னும் சொல்லேயாகும். நம் பக்கத்துச் சொல் ஒன்று பல கடல் கடந்து, உருமாறி, ஐரோப்பிய உடை உடுத்து, நம் வாயில் வேம்புக்கே பெயராகத் திரும்பி வந்தது வியத்தற்குரியது.

மரமும் அவ்வாறே கிழக்கிலிருந்து மேற்கே சென்றதாகும். பதினாறாம் நூற்றாண்டில் துருக்கிப் பேரரசர் சுலைமானின் தலைநகருக்கு ஆஸ்திரிய மன்னர் அனுப்பிய தூதர் புஸ்பெக் என்பார். அவர் வாயிலாகவே லைலாக் வியன்னா நகரத்தை அடைந்தது என்று கூறுவர். பின்னர் 1870ஆம் ஆண்டு முதலாகப் பிரான்சு நாட்டு நான்சி நகரில் விக்டர் லெமுவான் என்னும் தோட்டக்காரர் அதனைக் கலப்பினம் செய்யத் தொடங்கினார். கண்பார்வை மங்கிய அவருக்காக அவர் மனைவியார் ஏணியில் ஏறி நின்று மகரந்தம் தூவினார் என்பது தோட்டக்கலை வரலாற்றில் இடம் பெற்ற செய்தி. குட்டை லைலாக்கோ சீன நாட்டார் கைவண்ணம். அமெரிக்க அரசுக்காகச் செடி தேடி ஆசியா முழுதும் நடந்த பிராங்க் மேயர் என்பார், 1908ஆம் ஆண்டில் பெய்ஜிங் நகரையடுத்த தோட்டம் ஒன்றில் அதனைக் கண்டெடுத்தார். அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. காட்டில் எவரும் கண்டிராத அச்செடியைத் தலைமுறை தலைமுறையாகத் தம் முற்றங்களிற் பேணிக் காத்த சீனத் தோட்டக்காரர்களின் பெயர்கள் எவருக்கும் தெரியா. உழைத்தவன் பெயர் மறைவதும், கண்டெடுத்தவன் பெயர் நிலைப்பதும் மரங்களின் வரலாற்றிலும் உண்டு!

நிற்க. இந்திய லைலாக் என்ற பெயர் எவ்வாறு வந்தது? நம் நாட்டில் மலைவேம்பு என்று ஒரு மரம் உண்டு. அதன் பூ இளம் ஊதா நிறமுடையது, நறுமணமும் உண்டு. அதனைக் கண்ட ஐரோப்பியர் தம் நாட்டு லைலாக்கை நினைந்து பாரசீக லைலாக் என்றனர். அதன் நெருங்கிய உறவான வேம்புக்கு, பூ வெண்மையாயிருந்தும், இந்திய லைலாக் என்று பெயர் வைத்தனர். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் இரண்டையும் ஒரே இனத்தில் அடக்கி எழுதினார். 1830ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் ஜுஸ்யூ வேம்பைத் தனி இனமாகப் பிரித்து அசாடிரக்டா இண்டிகா எனப் பெயரிட்டார்.

இந்தப் பெயரைச் சற்றே பிரித்துப் பாருங்கள். ஆசாத் திரக்த் என்னும் பாரசீகத் தொடரின் திரிபே அசாடிரக்டா. ஆசாத் என்றால் விடுதலை பெற்றது, உயர்ந்தது. திரக்த் என்றால் மரம். எனவே உலகத் தாவர நூல்களில் வேம்பின் பெயர் இந்தியாவின் விடுதலை மரம் என்பதாகும். இப்பெயரை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். விடுதலை மரம் அடிமைத் தொழிலாளியோடு கப்பலேறிய கதைதான் இனி வருவது.

தொட்டியில் வந்த காடு

இலண்டன் மாநகரில் நத்தேனியல் வார்டு என்னும் மருத்துவர் ஒருவர் இருந்தார். மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் செடியொன்று, மேலிருந்து நீர் ஊற்றாமலே தழைத்து நிற்பதை 1829ஆம் ஆண்டில் அவர் கண்டார். மண்ணிலிருந்து எழும் ஈரம் கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணிற்கே இறங்குகிறது. கடற்காற்றின் உப்பும் உள்ளே புகுவதில்லை. இதனைக் கொண்டு அவர் அமைத்த கண்ணாடிப் பெட்டியில் 1833ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவுக்குச் செடிகள் அனுப்பப்பட்டன. அவை உயிரோடு சென்று சேர்ந்தன. அதுவரை கப்பலில் ஏற்றிய செடிகளிற் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்துபோகும். வார்டு பெட்டி வந்தபின், எந்த நாட்டுப் பயிரையும் எந்தக் குடியேற்ற நாட்டிலும் ஊன்றலாம் என்ற வல்லமை ஆங்கிலப் பேரரசுக்குக் கிட்டியது. தேயிலை, சின்கோனா, ரப்பர் ஆகிய மூன்றின் பரவலிலும் இப்பெட்டிக்குப் பங்குண்டு.

ரப்பர் விதைக்கு ஆயுள் குறைவு. சில வாரங்களில் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஹென்றி விக்கம் என்பார் 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை விரைந்து இலண்டனுக்குக் கொணர்ந்தார். கியூ தோட்டத்தில் விதைக்கப்பட்ட அவற்றுள் முளைத்தவை 3,000க்கும் குறைவு. அவற்றிற் பெரும்பகுதி வார்டு பெட்டிகளில் இலங்கைக்குச் சென்றது. 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது கன்றுகளைப் பேராக்கின் கோலகங்சாரில், அன்று பிரிட்டிஷ் ரெசிடெண்டாயிருந்த ஹியூ லோ நடுவித்தார். அக்காலத்து மரமென்று கருதப்படும் கிழமரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

ஒன்பதே கன்றுகள்! ஒருவர் வீட்டுத் திண்ணையில் வரிசையாக அடுக்கிவிடக்கூடிய அளவு. அவை நிலத்திலே ஊன்றப்பட்டன; அவற்றைக் காக்கக் காவலரும், ஆராய அறிஞரும், பரப்ப முதலாளிகளும் இருந்தனர். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைப் பாழ்படுத்தாமல் பட்டையைச் சீவி அடிக்கடி பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். மோட்டார் வண்டி பெருகியது. சக்கரத்திற்கு ரப்பர் தேவைப்பட்டது. இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளுக்குள் பேராக்கின் காடுகள் அழிந்து பால்மரக் காடுகளாயின.

ஹுத்தான் மெலிந்தாங் என்பதற்கு மலாய் மொழியில் குறுக்கே கிடக்கும் காடு என்று பொருள். பெயரிலேயே காட்டைத் தாங்கிய அவ்வூர்ப் பக்கத்திலும் 1906ஆம் ஆண்டில் ஒரு தோட்டக் கம்பெனி தோன்றியது. ஆகெ வெஸ்டென்ஹோல்ஸ் என்னும் டேனிஷ் பொறியாளர் தொடங்கிய ஜெண்டராத்தா ரப்பர் கம்பெனியே அது. பிற்காலத்தில் யுனைட்டெட் பிளாண்டேஷன்ஸ் என்ற பெரு நிறுவனம் வளர்ந்ததற்கு அதுவே வித்து. ஆற்றோரச் சேற்று நிலத்தில் கால்வாய் வெட்டி, கரை கட்டி, நீரை வடித்து, ரப்பரும் தென்னையும் பயிராக்கப்பட்டன. கால்வாயை வெட்டிய கைகளிலும், பால் சீவிய கைகளிலும் பெரும்பாலானவை எந்நாட்டுக் கைகள் என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

முடிச்சில் வரும் விதை

ஒப்பந்தக் கூலி முறையிலும் கங்காணி முறையிலும் தமிழர் மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது 1910ஆம் ஆண்டில் நின்றது. கங்காணி வழியாக வருவது அதன்பின்னும் நீடித்தது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவிபெற்றுக் குடியேறுவதைத் தடை செய்தது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் மருத்துவச் சோதனை, அம்மை குத்துதல், பிறகு கப்பல், பினாங்கை அடைந்ததும் நோய்த்தடுப்பு முகாம், அதன்பிறகு தோட்டம். இதுவே அவர்கள் வந்த வழி.

ரப்பர் விதையைப் போலவே வேப்பம் விதைக்கும் ஆயுள் குறைவு. ஆனியிலும் ஆடியிலும் உதிரும் பழத்தின் கொட்டையை இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஊன்றிவிடவேண்டும். கடற்பயணமும் முகாம் வாசமும் சேர்ந்தால் ஏறக்குறைய அவ்வளவு காலந்தான். பேரரசு தன் விதைக்குத் தனிக் கப்பலும், கண்ணாடிப் பெட்டியும், சம்பளம் பெறும் அறிஞர்களையும் தேடிக்கொண்டது. வேப்பங்கொட்டைக்கு முந்தானை முடிச்சே போதும். இன்று மலாய் மொழியில் வேம்பை மம்பு, செமாம்பு என்பர். வேம்பு என்னும் நம் சொல்லின் சாயல் அதில் தென்படுகிறதன்றோ?

விதை வந்தது; மண் எங்கே? தொழிலாளி குடியிருந்தது லயத்து வீடு. ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பல அறைகள். வாயிலுக்கு முன்னால் சிறிது வெற்றிடம். ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளி பயிரிட்டுக்கொள்வதற்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டுமென்று விதித்தது. பழந்தமிழ்க் கணக்கில் சொன்னால் ஒரு வீசம்; ஏறக்குறைய 2,720 சதுர அடி. ஆயிரக்கணக்கான ஏக்கரைக் காடு திருத்திக் கொடுத்தவனுக்குச் சட்டத்தின் கருணை ஒரு வீசம்! அந்த வீசமும் அவனுக்குச் சொந்தமன்று. வேலை உள்ளவரை வீடு. வீடு உள்ளவரை நிலம். துரை சீட்டுக் கிழித்தால் மறுநாளே மூட்டை கட்டவேண்டியதுதான்.

கீரை, கத்தரி, மிளகாய் முதலியன மூன்று மாதத்தில் பலன் தந்துவிடும். அவற்றை அந்நிலத்தில் விதைக்கலாம். மரம் அப்படியா? நட்டவன் பத்து ஆண்டு அங்கே இருப்பான் என்ற உறுதி உண்டானாலல்லவோ மரம் நட மனம் வரும்! உலகப் பொருளாதார மந்தம் வந்தபொழுது, 1930ஆம் ஆண்டு முதல் 1932ஆம் ஆண்டு வரையிலான காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் மலாயாவிலிருந்து தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ரப்பர் விலை விழுந்தது. ஆளும் வேண்டாம் என்றாயிற்று. நிலத்தில் வேரூன்றிய மரத்தைப் பெயர்த்துக்கொண்டு எவனும் கப்பலேற முடியாது. இன்ன நாளில் எங்கே இருப்போம் என்பதை அறியாதவனுக்கு ஏற்ற இடம் தகரமும் தொட்டியுமே. மண்ணெண்ணெய்த் தகரத்தின் அடியில் ஆணியால் துளையிட்டு, மண்ணிட்டு, கறிவேப்பிலையோ வேம்போ வைப்பது தோட்டப்புறத்தில் எளிதிற் கைவந்த முறை. இடம் மாறினால் தகரத்தைத் தூக்கிச் செல்லலாம்.

அழகுக்காக மரத்தைத் தொட்டியில் வைப்பவன் ஒருவன். மண்ணில்லாமையால் தொட்டியில் வைப்பவன் மற்றொருவன். பார்ப்பதற்கு இரண்டு தொட்டியும் ஒன்றே போல் இருக்கும்.

இலையும் மூடநம்பிக்கையும்

வேம்பைத் தொழிலாளி விரும்பியதற்குக் காரணங்கள் பல. நிழல், பல்குச்சி, பூச்சி விரட்டும் புகை, வேப்பம்பூ ரசம் இவை ஒருபுறமிருக்க, மாரியம்மனுக்கு உரிய மரம் என்ற நம்பிக்கையும் பெருங்காரணம். வைசூரி கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவது வழக்கம். அயலார் உள்ளே வரக்கூடாது என்பதற்கு அது ஓர் அடையாளமாகப் பயன்பட்டது. அந்த அளவில் நன்மையே. ஆனால் நோயை ஓட்டியது இலை அன்று. உலகெங்கும் அம்மைப்பால் வைத்ததனாலேயே வைசூரி ஒழிந்தது. 1980ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அதன் முடிவை அறிவித்தது. எந்த அம்மனும் சினங்கொண்டு அதனைத் திரும்ப அனுப்பவில்லை.

இதனினும் கொடிய மயக்கம் ஒன்று உண்டு. இயற்கையில் விளைந்தது எதுவாயினும் தீங்கு செய்யாது என்பதே அம்மயக்கம். கைக்குழந்தைக்குச் சளி, வயிற்றுக் கோளாறு என்றால் வேப்பெண்ணெய் புகட்டும் வழக்கம் மலேசியத் தமிழரிடையே இருந்தது. அவ்வாறு புகட்டப்பட்ட குழந்தைகள் வாந்தியெடுத்து, வலிப்புக் கண்டு, அறிவிழந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் ஆராய்ந்து, 1981ஆம் ஆண்டில் லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ ஏட்டில் எழுதினர். ஈரலையும் மூளையையும் அந்த எண்ணெய் தாக்குகிறது என்று அவர்கள் காட்டினர். தாய்மாரே! வேப்பெண்ணெயைக் குழந்தையின் வாயில் ஒரு துளியும் இடாதீர்கள். மலைவேம்பின் பழமும் நஞ்சு. பெயரில் ஒற்றுமை கண்டு இரண்டையும் ஒன்றென மயங்குவோர், இலையைப் பார்த்துத் தெளிக. ஒரே காம்பின் இருமருங்கும் நேரே இலைகள் இருந்தால் வேம்பு. காம்பு கிளைத்து அக்கிளைகளில் இலைகள் இருந்தால் மலைவேம்பு.

ஆராய்ச்சியால் வேம்பின் பெருமை குன்றவில்லை, கூடவே செய்தது. 1959ஆம் ஆண்டில் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிப் படை பசுமையனைத்தையும் தின்று தீர்த்தபோது வேம்பை மட்டும் விட்டுச் சென்றதை ஜெர்மன் அறிஞர் ஷ்முட்டரர் கண்டார். 1968ஆம் ஆண்டில் அதன் விதையிலிருந்து அசாடிரக்டின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. வேம்பின் பூஞ்சைக்கொல்லித் தன்மைக்கு அமெரிக்கக் கம்பெனியொன்றும் அந்நாட்டு அரசும் ஐரோப்பாவில் பெற்றிருந்த காப்புரிமை, இந்திய மக்களுக்கு முன்னரே தெரிந்த செய்தி அது என்பதனால், 2000ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டில் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு உறுதியாயிற்று. நம் பாட்டிமார் கண்டதை அறிவால் சோதித்து, உண்மையை வைத்துக்கொண்டு பொய்யைத் தள்ளுவதே நேரிய வழி.

வேரும் உரிமையும்

ஆசாத் என்னும் சொல்லை மலாயாத் தமிழர் 1943ஆம் ஆண்டில் வேறொரு வகையில் கேட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திரபோஸ் ஆசாத் ஹிந்து அரசை அறிவித்தார். தோட்டத்திலே பால் சீவிய ஆண்களும் பெண்களும் அப்படையிற் சேர்ந்தனர். அதே ஆண்டுகளில் பல்லாயிரம் தோட்டத் தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்டனர். விடுதலை மரம் என்று பெயர் பெற்ற மரத்தின்கீழ் பிறந்தவர்கட்கு விடுதலை என்ற சொல் இவ்வாறாக விலை கேட்டது.

1957ஆம் ஆண்டில் மலாயா விடுதலை பெற்றது. தொழிலாளிக்கு மண் கிட்டியதா? அக்காலத்தில் வெள்ளை முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுச் செல்லத் தலைப்பட்டனர். வாங்கியவர் கூறு போட்டு விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று அதனைச் சொல்வர். அதற்கு மாற்றாக, தொழிலாளரே பங்கு சேர்த்துத் தோட்டத்தை வாங்க வேண்டும் என்று கூறி, 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் வீ. தி. சம்பந்தன். அவர் பேராக்கின் சுங்கை சிப்புட்டிற் பிறந்தவர். வீசத்தை இரவலாகப் பெற்றிருந்தவனை ஏக்கருக்கு உடையவனாக்க முயன்ற முயற்சி அது. பின்னர்ப் பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். லயங்கள் காலியாயின, பல இடிந்தன. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் பட்டணத்து வரிசை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. கீழ்ப்பேராக்கிலிருந்தும் பலர் அவ்வாறே பெயர்ந்தனர். பெயர்ந்தவர் தூக்கிச் செல்லக்கூடியது எது? தகரத்திலும் தொட்டியிலும் இருந்தது மட்டுமே.

இப்பொழுது அடுக்குமாடி முகப்பில் கறிவேப்பிலைத் தொட்டியும் வேப்பந்தொட்டியும் நிற்பதைக் காண்போர், இதை ஏழையின் பொழுதுபோக்கு என்று இகழ்வதும் உண்டு. அழகுணர்ச்சி என்று புகழ்வதும் உண்டு. இரண்டும் முழு உண்மை ஆகா. நூறாண்டு உழைத்தும் ஒரு மரத்துக்கு வேண்டிய மண் தனக்கென வாய்க்காதவனின் கணக்குப் புத்தகம் அது.

வளர்க்கும் முறை

கணக்கைச் சொன்னதோடு நிற்பது முறையாகாது. தொட்டியில் வேம்பு வைக்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள் கூறுவோம். வேம்பு வறட்சியைத் தாங்கும். வேரில் நீர் தேங்குவதைத் தாங்காது. ஹுத்தான் மெலிந்தாங் போன்ற தாழ்ந்த களிமண் நிலத்தில், தரையில் நேரே நடுவதைவிட மேடு கட்டி நடுவதும், தொட்டியில் வைப்பதும் நலம். வாய் அகலமும் ஆழமும் ஒன்றரை அடிக்குக் குறையாத தொட்டி வேண்டும். அடியில் பல துளைகள் வேண்டும். செம்மண், பருமணல், மக்கிய எரு மூன்றும் சம பங்கு கலந்து இடுக. புதிய கொட்டையின் சதையைக் கழுவி நீக்கி, அரை அங்குல ஆழத்தில் ஊன்றுக. நாள் முழுதும் வெயில் படும் இடத்தில் வைக்க. மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் ஊற்றுக. கன்று ஒன்றரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும். ஆண்டுக்கு இருமுறை வெட்டி ஆள் உயரத்தில் நிறுத்தலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, சுற்றிப் பின்னிய வேரில் மூன்றில் ஒரு பங்கை அரிந்து, புதுமண் இட்டு வைக்க. தொட்டியின் அடித்தட்டில் நீர் நிற்க விடாதீர்கள். டெங்கி பரப்பும் கொசு அங்கேதான் முட்டையிடும்.

இடம் மிகக் குறைவாயின் கறிவேப்பிலையே போதும். பெயரில் வேம்பின் உறவாயினும் பிறப்பில் அது எலுமிச்சைக் குடும்பம்; இயல்பிலேயே சிறு மரம்; தொட்டிக்கென்றே அமைந்தது போன்றது. அதன் தாவர நூற்பெயரில் உள்ள கோனிக் என்பார், டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்கு 1768ஆம் ஆண்டில் வந்து தாவரங்களை ஆராய்ந்த மருத்துவர், லின்னேயஸின் மாணாக்கர். தரங்கம்பாடிக் கரையில் டேனியருக்கு அறிமுகமான தமிழரும் தமிழர் செடியும், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஹுத்தான் மெலிந்தாங்கில் டேனிஷ் கம்பெனியொன்றின் காலத்தில் மீண்டும் சந்தித்ததைக் காலத்தின் விளையாட்டு என்று சொல்லலாம். ஆனால் இருமுறையும் நிலம் யார் கையில் இருந்தது என்பதை மறக்கலாகாது.

செய்யத் தக்கது

தோழர்களே! 1877ஆம் ஆண்டில் பேராக்குக்கு வந்த ஒன்பது கன்றுகள் நாட்டையே மூடின. அவற்றுக்குத் தனி ஆற்றல் எதுவும் இருந்ததில்லை. நிலமும் சட்டமும் மூலதனமும் அவற்றின் பின்னால் நின்றன. அதே மாநிலத்தில் தமிழன் ஊன்றிய வேம்பு தொட்டியை விட்டு இறங்கவில்லை. அதன் வேரில் குறையில்லை. மரத்தின் உடையவனுக்கு மண் இல்லை. ஒரு மரம் வளர்ந்த அளவு, அதனை நட்டவனின் உரிமையின் அளவு. இவ்வொன்றை உணர்த்தவே இத்தனை நாடும் ஆண்டும் சுற்றி வந்தோம்.

ஆகவே நாம் செய்யத் தக்கவை மூன்று. இன்னும் நிற்கும் பழைய லயங்கள் இடிபடுமுன், அங்குள்ள வேம்பும் முருங்கையும் எவர் நட்டவை, எவ்வாண்டில் நட்டவை என்று முதியோரைக் கேட்டு இளைஞர் எழுதி வைக்க வேண்டும். தோட்டத்திலிருந்து பெயர்க்கப்படுவோர்க்கு வீடு கேட்கும்பொழுது, அடுக்குமாடியின் அறை எண்ணிக்கையை மட்டும் பேசாமல், மரம் நடத் தக்க முற்றமும் பொது நிலமும் வேண்டுமென்று கேட்க வேண்டும். மூன்றாவதாக, இன்றைய தொட்டியை இகழாமல் நன்கு பேண வேண்டும். ஆண்டுதோறும் வேரை அரிந்து சிறிதாக்கி வைத்த வேம்பாயினும், அகன்ற மண்ணில் இறக்கினால் மீண்டும் ஓங்கி வளரும் இயல்புடையது. மண்ணை அடைய வேண்டியது நம் பொறுப்பு.